‘சாமின்னு ஒண்ணு இருக்கா?’: துணையை இழந்தவர்களின் சந்தேகத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஒரு நாள், திருவனந்தபுரம் நகரச் சாலைகள் அடுப்பங்கரையாக மாறிவிடும். ஆற்றுகால் பகவதி கோவிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்குச் செங்கல் அடுக்கி, மண்பானை வைத்துப் பெண்கள் பொங்கலிடுவார்கள். 2009 மார்ச் 10 அன்று இங்கு கூடிய பெண்களின் எண்ணிக்கை 25 லட்சம் என்கிறது கின்னஸ் பதிவு.

அந்தப் பொங்கலை வாங்கிக்கொள்ளும் அம்மன் யார்? கோவில் மரபுப்படி, நம்ம கண்ணகிதான். மதுரையை எரித்துவிட்டு கேரளத்துக்கு வந்தவள், வழியில் ஆற்றுகாலில் தங்கினாள் என்பது தலபுராணம். திருவிழா நாட்களில் பாடப்படும் தோற்றம்பாட்டு அவளுடைய கதையைத்தான் சொல்கிறது. பாண்டிய மன்னன் கொல்லப்படும் கட்டம் பாடி முடிந்த பிறகே பொங்கல் அடுப்பில் தீ மூட்டப்படுகிறது.

இதில் ஒரு விஷயத்தை நாம சுலபமா மறந்துடுறோம். கண்ணகி, கணவனைப் பறிகொடுத்தவள். அதோடு, ‘தெய்வம்னு ஒண்ணு இருக்கா’ என்று நடுத்தெருவில் நின்று கேட்டவள்.

கணவனையோ மனைவியையோ இழந்த பலருக்கும் இதே கேள்வி வருகிறது. ஆனால் வாய்விட்டுக் கேட்க முடிவதில்லை. கேட்டால், ‘அப்படிப் பேசாதே, பாவம்’ என்ற பதில்தான் வரும். இந்தச் சந்தேகம் எவ்வளவு இயல்பானது? எப்போது கவலைப்பட வேண்டும்? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எத்தனை பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் சுமார் 4.3 கோடி. மனைவியை இழந்த ஆண்கள் சுமார் 1.2 கோடி. ஆண்களில் பலர் மறுமணம் செய்துகொள்கிறார்கள், பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், கணவனைவிட மனைவிக்கு வயது குறைவு. இந்த இடைவெளிக்கு இவை முக்கியக் காரணங்கள்.

கேரளத்துக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்னை. அதே கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6%. கேரளத்தில் 12.6%. முதியவர்கள் அதிகம் உள்ள இடத்தில், துணையை இழந்து வாழ்பவர்களும் அதிகமாகத்தான் இருப்பார்கள்.

கணக்கெடுப்புப் படிவத்தில் திருமண நிலைக்கு ஒரு கேள்வி உண்டு. மதத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆனால் ‘அவர் போன பிறகு விளக்கேற்ற மனசு வரல’ என்பதை எழுத எந்தக் கட்டமும் கிடையாது. அரசின் கணக்கில் அவர் நேற்றும் இந்து, இன்றும் இந்து. அல்லது கிறிஸ்தவர், இஸ்லாமியர். உள்ளே என்ன நடந்தது என்பது எந்த எண்ணிலும் வராது.

கண்ணகி கேட்டது என்ன?

சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ்வரி பகுதியில் அந்தக் காட்சி வருகிறது. கணவன் அநியாயமாகக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு மதுரைத் தெருவில் நடக்கும் கண்ணகி, இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, நல்லவர்கள் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்கிறாள்.

கவனித்துப் பாருங்கள். இது நாத்திக வாதம் அல்ல. நியாயம் இருக்கும் என்று நம்பிய ஒருத்தி, அந்த நியாயத்தைக் காணோமே என்று கேட்கும் கேள்வி. தெய்வத்தை மட்டும் அவள் தனியாக நிறுத்திக் கேட்கவில்லை. பெண்களையும் நல்லவர்களையும் சேர்த்தே கேட்கிறாள். ‘எனக்கு இப்படி நடக்கும்போது நீங்க எல்லாரும் எங்க போனீங்க?’ என்பதுதான் அதன் பொருள்.

இங்கிலாந்து எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸுக்கும் இது நடந்தது. உலகில் துன்பம் இருக்கும்போது கடவுளை எப்படி நம்புவது என்பதற்கு விளக்கம் சொல்லி 1940-ல் புத்தகமே எழுதியவர் அவர். 1960-ல் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபோது அந்த விளக்கங்கள் அவருக்கே போதவில்லை. அந்தத் துக்கத்தையும் கடவுள் மீதான கோபத்தையும் எழுதி 1961-ல் வெளியிட்டார். சொந்தப் பெயரில் அல்ல, புனைபெயரில். கிறிஸ்தவ நம்பிக்கைக்காகவே உலகம் முழுக்க அறியப்பட்டவர், சந்தேகத்தைச் சொல்ல வேறு பெயர் தேடினார். பின்னாளில் அவர் நம்பிக்கைக்குத் திரும்பினார். ஆனால் அந்தக் கேள்விகளை அழித்துவிடவில்லை.

இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றினால் அது மனநோயா?

ஊர்சூழ்வரியில் இன்னொரு காட்சியும் உண்டு. இறந்து கிடக்கும் கோவலன் எழுந்து, கண்ணகியின் கண்ணீரைத் துடைத்து, ‘நீ இங்கேயே இரு’ என்று சொல்லி மறைகிறான். நடந்தது மாயமா, ஏதாவது தெய்வம் என்னை மயக்கியதா என்று அவளே குழம்புகிறாள்.

1971-ல் பிரிட்டன் மருத்துவர் டெவி ரீஸ், வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதே இல்லை. பெரும்பாலானோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

எனவே சமையலறையில் அவர் கூப்பிட்டது மாதிரி இருந்தால், ‘எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோ’ என்று பயப்பட வேண்டாம். கடவுள் மேல் நம்பிக்கை போன பிறகும் இது வரலாம். சாமியைக் கும்பிட முடியாதவர், இறந்தவரின் படத்தோடு தினமும் பேசுவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அன்பு நிற்கிறது. நம்பிக்கை ஆடுகிறது. இரண்டும் வேறு வேறு.

துணை இறந்தால் பக்தி குறையுமா, கூடுமா?

இரண்டும் நடக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 1987-88-ல் 1,532 முதியவர்களிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. துணை இறப்பதற்கு முன்பே பேட்டி எடுத்து, இறந்த பிறகும் பேசியதுதான் அதன் சிறப்பு. அந்தத் தரவை வைத்து 2004-ல் வெளியான கட்டுரையின்படி, துணையை இழந்தவர்களிடம் மத ஈடுபாடு கூடியிருந்தது. ஆனால் தேவாலயத்துக்கு அதிகம் போனதால் துக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கை மனதுக்கு முக்கியமானதாக ஆனவர்களிடம்தான் துக்கம் குறைந்திருந்தது.

இதன் நடைமுறை அர்த்தம்: ‘கோவிலுக்குப் போ, சரியாயிடும்’ என்று கையைப் பிடித்து இழுத்துப் போவதால் பெரிய பலன் இருக்காது. அவராக விரும்பிப் போனால் அது வேறு.

சந்தேகம் உடலைக் கெடுக்குமா? அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த 596 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2001-ல் வெளியானது. ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்’, ‘அவருக்கு என் மேல் அன்பில்லை’ என்று நினைத்தவர்களுக்கு இறப்பு அபாயம் 19 முதல் 28% வரை அதிகமாக இருந்தது. இவர்கள் துணையை இழந்தவர்கள் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர், நோயாளிகள். அதனால் இந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. அங்கே அளக்கப்பட்டது ‘கடவுள் உண்டா’ என்ற கேள்வியும் அல்ல, கைவிடப்பட்ட உணர்வு. அந்த உணர்வைத் தனியாகச் சுமப்பதுதான் கவலைக்குரியது.

சடங்குகள் முடிந்த பிறகு என்ன ஆகிறது?

கேரள மக்கள்தொகையில் இந்துக்கள் 54.7%, இஸ்லாமியர்கள் 26.6%, கிறிஸ்தவர்கள் 18.4%. ஒவ்வொருவரிடமும் துக்கத்துக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது. பல இந்துச் சமூகங்களில் 16-ம் நாள், தமிழ் பிராமணர் வீடுகளில் 13-ம் நாள், கிறிஸ்தவர்களில் பலருக்கு 41-ம் நாள். கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்ணுக்கு இத்தா காலம் 4 மாதம் 10 நாள்.

இந்த நாட்களில் வீடு நிறைய ஆள் இருக்கும். யாராவது சாப்பாடு கொண்டுவருவார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் சடங்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது, எப்போது எழ வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதன் பிறகு ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். சந்தேகம் பெரும்பாலும் அந்த வெறும் வீட்டில்தான் வருகிறது. அடுத்து நினைவுகூர ஊர் கூடுவது, சங்குமுகம் கடற்கரையிலும் திருவல்லத்திலும் பலிதர்ப்பணம் நடக்கும் கர்க்கடக வாவு அன்று. நம்மூரில் ஆடி அமாவாசை.

மருத்துவத்தின் நாள்காட்டி இதைவிட நீளமானது. துக்கம் மிகக் கடுமையாக, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு நீடித்தால் அதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 வகைப்பாட்டில் அதற்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் 2022 கையேட்டில், பெரியவர்களுக்கு 12 மாதம். இயல்பான இறப்புகளுக்குப் பின் சுமார் பத்தில் ஒருவருக்கு இது வருவதாக 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. மீதி ஒன்பது பேருக்கு இருப்பது நோய் அல்ல, துக்கம்.

இந்த இடைவெளியை நிரப்பும் அடித்தளம் கேரளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2008-ல், இந்தியாவிலேயே முதல் மாநிலமாக வலிதணிப்பு சிகிச்சைக்குக் கொள்கை வகுத்தது கேரளம். மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு திருவனந்தபுரத்தில்தான் இயங்குகிறது. நோயாளி இறந்த பிறகு குடும்பத்தின் துக்கத்துக்குத் துணை நிற்பதும் வலிதணிப்பு சிகிச்சையின் பகுதி என்கிறது உலக சுகாதார அமைப்பின் வரையறை. கடைசி மூச்சோடு செவிலியரின் வருகை நின்றுவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால்?

* ‘எல்லாம் விதி’, ‘கடவுளுக்குப் பிடித்தவரை சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டார்’ என்று சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கடவுள் மேல்தான் அவருக்குக் கோபம்.
* சாமி இருக்கா, இல்லையா என்று வாதாடாதீர்கள். அவர் பதில் கேட்கவில்லை, கேட்டுக்கொள்ள ஆள் தேடுகிறார்.
* பூஜையறைப் பக்கம் போகவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். திரும்பப் போகத் தொடங்கினால் கிண்டலும் செய்யாதீர்கள்.
* இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.
* 41-ம் நாளுக்குப் பிறகு போன் செய்யுங்கள். முதல் வாரத்தில் எல்லோரும் வருவார்கள்.
* ஆண்களை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை ஆராய்ந்து 1969-ல் வெளியான கட்டுரை, முதல் 6 மாதங்களில் அவர்களின் இறப்பு எதிர்பார்த்ததைவிட 40% அதிகம் என்று கண்டது.

சாப்பாடு, தூக்கம் அடியோடு கெட்டாலோ, ‘நானும் அவர்கூடப் போயிடணும்’ என்ற பேச்சு வந்தாலோ தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கேரள அரசின் திஷா எண் 1056. இரண்டிலும் 24 மணி நேரமும் பேசலாம்.

மற்றபடி, சந்தேகம் வந்ததற்காக யாரும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. தெய்வம் உண்டா என்று கேட்டவளைத் தெய்வமாக வைத்துத்தான் அந்த நகரம் ஒவ்வொரு மாசியிலும் பொங்கல் வைக்கிறது.