மன்னிப்பின் விலை – 7: கடன் யார் கணக்கில்?

தெள்ளாற்றுப் போரில் பாண்டியனை வென்று ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்று பெயர் பெற்ற பல்லவனைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. அவன் உயிரைப் பறிக்கவே தம்பி முறையானவன் அறம் வைத்துக் கலம்பகம் பாடினானாம். கேட்டால் சாவு நிச்சயம் என்று தெரிந்தும், தமிழின் சுவைக்காகச் சிதைமேல் கிடந்தபடி கடைசிப் பாட்டுவரை கேட்டு எரிந்துபோனானாம் மூன்றாம் நந்திவர்மன். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. தெள்ளார் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு நினைவுக்கு வருவது என்னவோ இந்தக் கதைதான்.

அந்தத் தியாகம் பெரிது. ஆனால் அரசன் உயிரைக் கொடுத்தது தமிழுக்கு. தன்னைக் கொல்லத் துணிந்தவனுக்கு அல்ல. கிறிஸ்தவ விசுவாசம் வேறு திசையில் போவது இந்த இடத்தில்தான். சிலுவையில் இயேசு உயிர்விடுவது, ஆணி அறைந்தவர்களுக்காகவும்தான் என்கிறது அது. அவர்களை மன்னிக்கும்படி அவர் பிதாவிடம் வேண்டியதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார்.

மன்னிப்புக்கு எதற்குப் பலி, ‘போகட்டும்’ என்று சொன்னால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஆரணிப் பட்டு வட்டாரத்தில் தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது பழைய வழக்கம். நெய்தவரால் அடைக்க முடியாமல் முதலாளி அதைத் தள்ளுபடி செய்தால், அந்தப் பணம் மாயமாகிவிடாது; முதலாளியின் நஷ்டமாகிறது. மன்னிப்பும் அப்படித்தான். செய்த தீங்கின் சுமையை யாரோ ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். அதைத் தீங்கு செய்தவன் தலையில் திருப்பிப் போடாமல் கடவுள் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதே சிலுவையைப் பற்றி நான் புரிந்துகொண்டது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையும் கடனைப் பற்றியதே. பதினாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்ற ஊழியன், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்டவனின் கழுத்தை நெரிக்கிறான்.

இப்படி நஷ்டத்தைத் தானே ஏற்ற ஒரு குடும்பம் நம் நாட்டில் உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில் பழங்குடி மக்களோடு வேலை செய்தார். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்க வங்கிக் கடனுக்கு வழிகாட்டினார், உரிமைகளைச் சொல்லிக்கொடுத்தார். அது பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பேருந்தில், பயணிகள் கண்ணெதிரே அவரைக் குத்திக் கொன்றார் ஏவிவிடப்பட்ட சமுந்தர் சிங். ராணி மரியாவுக்கு வயது 41.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் துறவிதான், சிறைக்கே போய் அந்தக் கையில் ராக்கி கட்டினார். அக்காளைக் குத்திய கை அது. அந்தக் கயிற்றைக் கட்ட அவருக்கு என்ன செலவாகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. பிறகு குடும்பமும் சபையும் சமுந்தர் சிங்கின் விடுதலைக்காக மனுச் செய்தன. 2006இல் வெளியே வந்தார். புல்லுவழிக்குப் போய் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டபோது சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார்.

நடந்தது குற்றமில்லை என்று செல்மி பால் சொல்லவில்லை. சட்டம் தண்டித்தது, பதினோரு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அவர் விட்டுக்கொடுத்தது பழியை மட்டும்தான்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நஷ்டத்தை ஏற்பது காயப்பட்டவரின் சொந்த முடிவு. குடிகாரக் கணவனிடம் அடிவாங்கி ஓடிவந்த பெண்ணை, “மன்னித்துவிட்டுப் போய்ச் சேர்ந்து வாழும்மா” என்று திருப்பி அனுப்பும் போதகர், சிலுவையைத் தான் சுமக்காமல் அவள் தோளில் ஏற்றுகிறார். இயேசு யார் தோளிலும் ஏற்றவில்லை. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான கூரை. மன்னிப்பா இல்லையா என்பதை அவள் தனக்கான காலத்தில் முடிவு செய்யட்டும்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் தீக்கு இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், தீ வைத்தவர்களை மன்னித்த பிறகும் பாரிபதா தொழுநோயாளர் இல்லத்தை விட்டுப் போகாமல் பணியைத் தொடர்ந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி அடுத்த வாரம்.