பிசகியது நரம்பல்ல!

தேர்வாய் கண்டிகையில் ஒரு மைதானத்தில் நீங்கள் 100 மீட்டர் ஓட்டம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் கடந்துவிட்டீர்கள். திடீரென்று தொடையின் பின்புறம் 'சுரீர்' என்கிறது. நொண்டியபடி ஓரமாக வந்து உட்காருகிறீர்கள். "நரம்பு பிசகிவிட்டது, எண்ணெய் தேய்த்து உருவிவிடு" என்கிறார் ஒருவர். "ஒரு மாதம் காலை அசைக்காதே" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியல்ல. ஏன்?

பிசகியது நரம்பல்ல. உங்கள் பின்தொடைத் தசையில் சில இழைகள் அறுந்திருக்கின்றன.

தசை ஒரு பிரேக்

சிப்காட் சாலையில் பாரம் ஏற்றிய லாரி பிரேக் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தனையையும் பிரேக் தாங்க வேண்டும். ஓடும்போது முன்னால் வீசப்படும் காலுக்கும், அது தரையில் ஊன்றும் முன் ஒரு பிரேக் தேவை. பின்தொடைத் தசையே அந்தப் பிரேக். சுருங்க முயன்றுகொண்டே அது நீளவும் வேண்டியிருக்கிறது. தாங்க முடியாதபோது இழைகள் அறுகின்றன.

உள்ளே நடக்கும் பழுதுபார்ப்பு

அறுந்த இடத்தில் இரத்தம் கசிந்து வீக்கம் தோன்றுகிறது. வெள்ளணுக்கள் சிதைந்த பகுதிகளை அகற்றுகின்றன. தசை இழைகளின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைச் செல்கள் விழித்தெழுந்து புதிய இழைகளை உண்டாக்குகின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டறிந்த செல்கள் இவை. கூடவே தழும்புத் திசுவும் வளர்ந்து இடைவெளியை இணைக்கிறது.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. அளவான இழுவிசை கிடைத்தால் புதிய இழைகள் அந்த விசையின் திசையிலேயே வரிசையாக அமைகின்றன. அசையாமல் கிடந்தாலோ அவை தாறுமாறாக வளர்கின்றன, தசையும் மெலிகிறது.

கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனை ஒன்றைப் பாருங்கள். தொடை அல்லது கெண்டைக்கால் தசையில் காயமுற்ற 50 விளையாட்டு வீரர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 2 நாள் கழித்தும், மற்றது 9 நாள் கழித்தும் பயிற்சியைத் தொடங்கியது. ஆட்டத்துக்குத் திரும்ப ஆன நாட்களின் இடைநிலை அளவு முதல் குழுவுக்கு 62.5, அடுத்ததற்கு 83. தொடக்கத்தில் ஒரு வாரத் தாமதம், முடிவில் சுமார் 20 நாள் தாமதமாயிற்று!

என்ன செய்யலாம்?

உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். மிதமாகக் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். வலி குறைய, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். உருவிவிடுதலும் வெந்நீர் ஒத்தடமும் அப்போது வேண்டாம். இரத்தக் கசிவு கூடும். பிறகு, வலி அதிகமாகாத அளவுக்கு மெல்ல அசைத்தல், நடத்தல், தசைப் பயிற்சி என்று படிப்படியாக முன்னேறுங்கள். வேக ஓட்டம் கடைசிப் படி.

காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் தசைக்குப் பதிலாக, அது பற்றியிருக்கும் எலும்பு நுனி பெயர்ந்துவிடுவதும் உண்டு.

2021 ஜனவரி 11 அன்று சிட்னி டெஸ்டில், பின்தொடைத் தசை கிழிந்த ஹனுமா விகாரி, தாம் மட்டுமே 161 பந்துகளைச் சந்தித்து, நம் அஸ்வினுடன் சேர்ந்து தோல்வியைத் தவிர்த்தார். மகத்தான ஆட்டந்தான். ஆனால் அடுத்த டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை. தசை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. அதற்கு வேண்டியது இரண்டு நாள் ஓய்வு. பிறகு அளவான வேலை.