மடங்கிய விரல்கள் நிமிர்வது எப்படி?



தொழுநோய் மருந்தால் குணமாகிறது. ஆனால் நரம்பு கெட்டு நெடுநாள் மடங்கிப்போன விரல்களை மருந்து நிமிர்த்துவதில்லை. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கையின் பெரிய தசைகள் பல பெலனோடிருக்கும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதை ஆதாரமாகக் கொண்டார். பெலனுள்ள தசையொன்றின் நாணை, செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார்.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. சில வாரங்கள் மாவுக்கட்டு. பிறகு பல வாரங்கள் பயிற்சி. பழைய தசைக்குப் புதிய வேலையைப் பழக்க வேண்டும். விரல் நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது; அந்தப் புண்ணே விரலை மறுபடியும் அழித்துவிடலாம். ஆகவே, கைகளைத் தினமும் பார்க்கவும், துணி பிடித்துப் பாத்திரம் இறக்கவும் கற்றுக்கொடுக்கிறோம்.

சூம்பின கையை ஆண்டவர் ஒரு வார்த்தையினால் சொஸ்தமாக்கினார். எங்களுக்கோ பல வாரங்கள் ஆகின்றன. அந்நாட்களில் கூலியிழந்து இங்கே தங்குகிறவர்களுக்கு உங்கள் காணிக்கையே உணவும் படுக்கையுமாகிறது. அவர்கள் பயிற்சியைப் பாதியில் விட்டுப் போகாதபடி எங்களோடு ஜெபியுங்கள்.