பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்குவதா? கம்பைலர் கைவிட்ட ஒரு வெட்டி வேலை!

வீட்டைப் பெருக்கி முடிச்சாச்சு. ‘தூசு மிச்சம் இருக்கா’ன்னு பார்க்கவே முழு வீட்டையும் இன்னொரு தடவை பெருக்கினால்? எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

யார் இந்த எல்எல்விஎம்?

நாம் எழுதும் கோடை பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். 2000-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர், விக்ரம் அத்வே தொடங்கிய ஆராய்ச்சி இது. இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்கள், குரோம், ரஸ்ட் மொழி என எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது.

அதில் ‘இன்ஸ்ட்கம்பைன்’ என்றொரு கட்டம். கட்டளைகளைச் சுருக்குவதுதான் வேலை. ஒரு எண்ணோடு 5 கூட்டி, பிறகு 3 கூட்டச் சொன்னால், நேராக 8 கூட்டிவிடும். 8-ஆல் பெருக்கச் சொன்னால், பிட்களை 3 இடம் நகர்த்திவிடும். பிராசஸருக்கு அது சுலபம்.

வெட்டி வேலை எங்கே?

ஒரு கட்டளை மாறினால் அதை நம்பியிருக்கும் கட்டளைகளும் மாறலாம். அதனால் அவை மட்டும் ஒரு ‘பார்க்க வேண்டியவை’ பட்டியலில் சேரும். பட்டியல் காலியானால் வேலை முடிஞ்சது. நியாயம்தானே? ஆனால் அந்தச் சுற்றில் ஒரே ஒரு மாற்றம் நடந்திருந்தாலும், முதல் கட்டளையிலிருந்து மறுபடி முழுச் சுற்று ஓடும். பெரும்பாலும் அந்தச் சுற்றில் ஒன்றுமே சிக்காது. ஒரு ஃபங்ஷனுக்கு இன்ஸ்ட்கம்பைன் ஒருமுறை அல்ல, பலமுறை ஓடும். பெரிய புராஜெக்ட்டில் எத்தனை ஆயிரம் ஃபங்ஷன்கள்! பில்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு இதன் விலை தெரியும்.

சரி, அப்படியானால் ஏன் அந்த இரண்டாவது சுற்று? பட்டியலில் ஓட்டை இருந்ததுதான் காரணம். ஒரு கட்டளையை நீக்கினால், அதற்கு மதிப்பு கொடுத்த கட்டளையையும் திரும்பப் பார்க்கணும். இப்போது அதைச் சுருக்க வழி பிறந்திருக்கலாம். அதைப் பட்டியலில் போட மறந்தால், அடுத்த சுற்றுதான் காப்பாற்றும்.

நிகிதா போபோவ் உள்ளிட்ட டெவலப்பர்கள் முதலில் இந்த ஓட்டைகளை அடைத்தார்கள். பிறகு 2023-ல் துணிச்சலான முடிவு: ஒரே சுற்று, அவ்வளவுதான். 2024 மார்ச்சில் வந்த 18-வது பதிப்பில் இது பயனர்களுக்குக் கிடைத்தது.

ரிஸ்க் இல்லையா?

இருக்கு, ஆனால் சின்னது. ஏதாவது விட்டுப்போனால் புரோகிராம் தப்பாக ஓடாது. கொஞ்சம் மெதுவாக ஓடலாம். பெரும்பாலும் பின்னால் வரும் இன்ஸ்ட்கம்பைன் அதைப் பிடித்துவிடும். டெஸ்ட்களில் மட்டும் கறார்: சோதனைக்காக இரண்டாவது சுற்று ஓடும், அதில் மாற்றம் ஏதாவது நடந்தால் எரர்தான். எந்த ஓட்டை என்று தேடிப்போய் அடைக்கணும்.

அடுத்து இன்னொரு கேள்வியும் வந்தது. கடந்தமுறை இன்ஸ்ட்கம்பைன் ஓடியபிறகு அந்த ஃபங்ஷனை யாருமே தொடவில்லை என்றால், திரும்ப ஏன் ஓடணும்? இப்போது அதையும் குறித்து வைத்துக்கொண்டு, தொடாததை அப்படியே தாண்டிப் போய்விடுகிறது.