சுருதியை ஒரு படி இறக்கினால் கிளாரினெட்காரர் ஏன் முழிக்கிறார்?

பொன்மலையிலிருந்து பேசுறேன். நாடகங்களுக்கு கிளாரினெட் வாசிக்கிறவன் நான். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி: மேடையில பாடுறவர் "தொண்டை கட்டியிருக்கு, சுருதியைக் கொஞ்சம் இறக்குங்க"ன்னு சொன்னா, ஊதுறவன் ஏன் முழிக்கிறான்?

ஒரு சங்கராபரணப் பாட்டை 4 கட்டையில் ஒத்திகை பார்த்தோம்னு வைங்க. மேற்கத்தியக் கணக்கில் அது எஃப். ஒரு படி இறக்கினால் ஈ, அதாவது 3 கட்டை. மூன்றரைக் கட்டைன்னு ஒன்று கிடையாது. ஸ்கேல் சேஞ்சர் ஹார்மோனியத்தில் பலகையை நகர்த்தினால் போதும், விரல் மாறாது.

கிளாரினெட் கதை வேற. நம்மிடம் பொதுவாக இருப்பது பி ஃபிளாட் வாத்தியம். அதில் சி-க்கு விரல் வைத்தால் காதில் விழுவது பி ஃபிளாட். அதனால் எப்போதும் ஒரு முழு ஸ்வரம் மேலே விரல் வைக்கணும். 4 கட்டைக்கு ஜி ஸ்கேல்: ஒரே ஒரு ஷார்ப். 3 கட்டைக்கு எஃப் ஷார்ப் ஸ்கேல்: ஆறு ஷார்ப்! பாடுறவருக்கு ஒரு படி, நமக்கு ஒரு மலை.

கஷ்டம் சுண்டுவிரலில்தான். பி, சி ஷார்ப், டி ஷார்ப் அடுத்தடுத்து வந்தால், சாதாரண போம் கிளாரினெட்டில் டி ஷார்ப் சாவி வலது பக்கம் மட்டும்தான். அதனால் வலது, இடது, வலதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணணும். இல்லன்னா விரல் சாவி மேல வழுக்கும், ஸ்வரம் உடையும்.

இன்னொரு வழி, ஏ கிளாரினெட். அதில் 3 கட்டைக்கும் அதே ஜி விரல்தான். ஆனா சும்மா கிடந்து குளிர்ந்த வாத்தியம் சுருதி இறங்கியே பேசும். எடுக்கும் முன்னாடி உள்ளே மூச்சு விட்டுச் சூடாக்கணும்.

நம்ம திருச்சிக்காரர் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் தலைநிமிர வைத்தவர். 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். கச்சேரியில் ஊதுபவர்தான் நாயகர், சுருதி அவருடையது. நாடகத்தில் சுருதி பாடுபவருடையது. மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சத்தில் பாடினார்கள். பக்கவாத்தியம்தான் அங்கே ஏறிப் போனது.

நம்ம வசதிக்காக நடிகரை ஏற்றிப் பாடவைத்தால் அன்றைக்கே குரல் போய்விடலாம். நாளைக்கும் அவருக்கு மேடை இருக்கு. அதனால ஆறு ஷார்ப் ஸ்கேலை தினமும் பத்து நிமிஷம் மெதுவா ஊதிப் பழகுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.