வானூர்தியில் குழந்தை இருக்கை

வானூர்தியில் குழந்தை இருக்கை என்பது, மகிழுந்தில் (கார்) சிறு குழந்தைகளை அமர்த்தப் பயன்படும் தனி இருக்கையை, வானூர்தி இருக்கையின் மீது வைத்து அதன் இடைப்பட்டியால் பிணைத்துப் பயன்படுத்துவதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியதில்லை. பெற்றோரின் மடியில் அமர்த்தலாம். எனினும் அந்நாட்டின் நடுவண் வான்போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ), மடியை விடக் குழந்தை இருக்கையே பாதுகாப்பானது என்று அறிவுறுத்துகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது.

மடியில் வைத்திருப்பதன் இடர்

குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் வேகத்தடுப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 9 மடங்கானால், 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தையைப் பிடித்திருக்கும் கைகள் 90 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும். இது எவராலும் இயலாது. கடுமையான காற்றுக் கொந்தளிப்பிலும் குழந்தை கைநழுவக்கூடும்.

ஐரோப்பிய நாடுகளில் பெற்றோரின் பட்டியுடன் கோக்கும் சிறு வளையப்பட்டி மடிக்குழந்தைக்கு அணிவிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இதனை ஓடுபாதையிலும், ஏறும்போதும், இறங்கும்போதும் பயன்படுத்தத் தடை உள்ளது. மோதலில் முன்னோக்கி மடியும் பெரியவரின் உடல் குழந்தையை நசுக்கிவிடும் என்பதே காரணம்.

1989 விபத்து

1989 சூலை 19 அன்று யுனைட்டெட் ஏர்லைன்சு 232 ஆம் இலக்க டிசி-10 வானூர்தி, நீரியல் கட்டுப்பாடுகளை முற்றிலும் இழந்து அயோவா மாநிலத்தின் சூ நகரில் தரையில் மோதியது. அதில் 4 மடிக்குழந்தைகள் இருந்தனர். அக்கால வழிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்துமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோரிடம் கூறினார். ஒரு குழந்தை புகையால் இறந்தது. மற்றொரு குழந்தை தூக்கி எறியப்பட்டு, அழுகுரல் கேட்டுத் திரும்பிச் சென்ற பயணி ஒருவரால் மீட்கப்பட்டது. இறந்த குழந்தையின் தாய் சிதைவுக்குள் மீண்டும் நுழைய முயன்றபோது அவரைத் தடுத்தவரும் பிரவுனே. மடிப்பயணத்தை ஒழிக்க அவர் பின்னர் பல்லாண்டுகள் வாதாடினார்.

விதி மாறாத காரணம்

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990 இல் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. எஃப்.ஏ.ஏ 2005 இல் இதனை மறுத்தது. கூடுதல் பயணச்சீட்டு வாங்க நேர்ந்தால் சில குடும்பங்கள் சாலை வழியே செல்லும், சாலையில் இறப்புகள் மிகுதி என்பது அதன் வாதம். கணக்காகப் பார்த்தால் இது பொருளற்ற வாதமன்று; ஆயினும் வாரியம் இதனை ஏற்கவில்லை. 2024 சனவரியில் கதவடைப்பான் பிய்ந்து பறந்த அலாசுக்கா ஏர்லைன்சு வானூர்தியிலும் 3 மடிக்குழந்தைகள் இருந்தனர்.

தேர்வும் பொருத்துதலும்

மோட்டார் வாகனங்களுக்கும் வானூர்திகளுக்கும் சான்று பெற்றது என்ற சிவப்பு எழுத்து வாசகம் இருக்கையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். குழந்தைக்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்தால், இத்தகைய இருக்கையை நிறுவனம் முற்றாக மறுக்க இயலாது. எங்கு வைப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கலாம். அகலம் 40 செ.மீ.க்கு மிகாமல் இருப்பது நன்று. பிறர் வெளியேறத் தடையாகாதவாறு பொதுவாகச் சாளர ஓரத்தில் வைப்பர். அவசர வழி வரிசையில் வைக்கக் கூடாது. மகிழுந்திலுள்ள ஐசோஃபிக்சு கொக்கிகள் இங்கு இல்லை என்பதால் இடைப்பட்டியை மட்டுமே கொண்டு இறுக்க வேண்டும். முதுகுச்சாய்வு இல்லாத உயர்த்தி இருக்கைகளுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் இடமில்லை.

ஏறத்தாழ 10 முதல் 20 கிலோகிராம் எடையும் 1 மீட்டர் வரை உயரமும் உள்ள குழந்தைகளுக்கு, 2006 இல் ஒப்புதல் பெற்ற கேர்சு என்னும் தோள்பட்டி உண்டு. இது கைப்பையில் அடங்கும். ஆனால் மகிழுந்தில் பயன்படாது. சென்று சேரும் ஊரில் மகிழுந்துக்கான இருக்கையைத் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும்.