எடுத்து வளர்க்கத் தெரிந்த நமக்கு ஏற்றுக்கொள்ளத் தெரியாதா?



மூன்று ஆண்டுகளுக்கு முன் பேரா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கமிட்டிக் கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். மண்டோர் ஒருவர் பின்னாலேயே வந்தார். சம்பளத்தில் ஏதோ பிடித்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது இல்லை.

"தலைவரே, என் மவன் ஒரு சீனப் பிள்ளையக் கட்டிக்கிறேன்னு நிக்கிறான். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான். புத்தி சொல்லுங்க."

மகனுக்கு 24 வயது. பழ லோரி ஓட்டுகிறார். பக்கத்துப் புதுக்கிராமத்தில் செம்பனைப் பழம் வாங்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறவர் அந்தப் பெண். அவருக்கும் அதே வயது. நான்கு வருடப் பழக்கம். குடி இல்லை, கடன் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. பையனிடம் நான் என்ன புத்தி சொல்வது?

"ஏன் வேண்டாங்கிறீங்க?" என்று தகப்பனைக் கேட்டேன்.

"பன்னி திங்கிறவங்க. நம்ம கோயில் கொளம் தெரியுமா அவளுக்கு? நாளைக்கு நான் செத்தா, என் தலமாட்டுல உக்காந்து ஒப்பாரி வெக்கத் தெரியுமா?"

பெண் வீட்டிலும் இதே பாட்டுதான், ராகம் வேறு. "கெலிங்கா? குடிப்பான், பெண்டாட்டியை அடிப்பான்" என்றாராம் அவள் தகப்பனார். அந்தப் பையன் பீர் போத்தலைத் தொட்டவன் கூட இல்லை. நம்மில் சிலர் குடித்துவிட்டுச் சந்தையில் விழுந்து கிடந்த கணக்கு, குடிக்காதவன் தலையில் எழுதப்பட்டது. சீனன் என்றால் ஏமாற்றுவான் என்று நாம் எழுதி வைத்திருக்கும் கணக்கும் இப்படிப்பட்டதுதானே?

எதிர் வீட்டுப் பாட்டி

மண்டோர் வீட்டுக்கு எதிர் வீட்டில் 80 வயது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். புடவை, பெரிய குங்குமப் பொட்டு, வாயில் வெற்றிலை. அந்தத் தோட்டத்தில் சாவு வீடு என்றால் ஒப்பாரிக்கு முதல் குரல் அவருடையதுதான். மண்டோர் அவரை "அத்தை" என்பார். சின்ன வயதில் அவர் இடுப்பில் வளர்ந்தவர்.

அந்தப் பாட்டி பிறப்பால் சீனர்! ஜப்பான்காரன் காலத்தில் சோற்றுக்கு வழியில்லாத சீனக் குடும்பம் ஒன்று, பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தியிடம் கைக்குழந்தையாகக் கொடுத்துவிட்டுப் போனது. அவருக்குச் சீனத்தில் ஒரு சொல் தெரியாது.

இது அந்த ஒரு தோட்டத்துக் கதை மட்டுமல்ல. போருக்கு முன்னும் பின்னும் வறுமையாலும், பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்தாலும் கொடுக்கப்பட்ட எத்தனையோ சீனக் குழந்தைகளை நம் தாய்மார்கள் எடுத்து வளர்த்தார்கள். லட்சுமி என்றும் மாரியம்மா என்றும் பெயர் வைத்தார்கள். இது நமக்குப் பெருமை.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பாட்டி என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்:

"எங்கம்மா என்ன மாருல போட்டு வளத்தா தம்பி. யாரும் ஒண்ணும் சொல்லல. கல்யாணம்னு வந்தப்பதான் சாதி கேட்டாங்க. சீனப் பிள்ளைக்கு என்னா சாதி? மூணு வீட்டுலேருந்து வந்தாங்க, கலர் தண்ணி குடிச்சாங்க, போயிட்டாங்க. கடசியில பொண்டாட்டி செத்தவருக்குக் கட்டி வெச்சாங்க. அவரு நல்ல மனுசன். அதனால பொழச்சேன்."

பிள்ளையாக ஏற்றுக்கொண்டோம், மருமகளாக ஏற்றுக்கொள்ளத் தயங்கினோம். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். இனம் என்று நாம் சொல்வதற்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது என்பதைப் பாட்டி ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார்.

இந்த வேலியை யார் போட்டது?

நாமாகப் பிரிந்து வாழவில்லை, தோழர்களே. வெள்ளைக்காரத் துரை நம்மை ரப்பர் தோட்டத்து லயத்தில் வைத்தான். சீனர் ஈய லம்பத்திலும் பட்டணத்திலும், மலாய்க்காரர் கம்பத்தில். ஒரே தோட்டத்தில் சீனர் மரம் சீவினாலும் அவர் குத்தகைக்காரரின் ஆள். வீடு வேறு, கூலிக் கணக்கு வேறு. ஒருவன் கூலி இன்னொருவனுக்குத் தெரியாமல் இருப்பது யாருக்கு லாபம்? 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அப்போதுதான் முள்வேலி போட்ட புதுக்கிராமங்கள் வந்தன. நமக்குத் தெரிந்த சீனர் பற்றுக் கணக்குப் புத்தகம் வைத்திருந்த கடைக்காரர் ஒருவர்தான். கடன் கொடுத்தவரைப் பார்த்து முழு இனத்தையும் எடை போட்டோம்.

அதற்கு முன்னால் இப்படி இல்லை. மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வாணிபத்துக்கு வந்த தமிழர்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்தார்கள். அவர்கள் சந்ததியார் இன்று வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் தெய்வங்களை. 1781-இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்னும் மலாக்காவில் நிற்கிறது. கலப்பு மணத்தால் சாமி ஓடிப்போய்விடவில்லை!

காதலுக்கும் சான்றிதழ் வேண்டும்

இப்போது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்கள் கோபத்துக்குப் பயந்து, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு பதியாமல் குடும்பம் நடத்துகிறீர்களே, அது பெரும் ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண். கணவர் சீனர், டிராக்டர் ஓட்டியவர். இரு வீட்டுக்கும் ஆகாது என்பதால் பதிவு செய்வதை "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிப்போட்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் கணவர் விபத்தில் இறந்தார். நிவாரணம் கேட்டுப் போன இடத்தில் முதல் கேள்வியே "திருமணச் சான்றிதழ் எங்கே?" என்பதுதான். அந்த அம்மாள் மாலையோடு நிற்கும் போட்டோவைக் காட்டினார். போட்டோ சட்டத்தின் முன் நிற்குமா? ஊழியர் சேமநிதியில் கணவர் கல்யாணத்துக்கு முன் எழுதிய வாரிசுப் பெயர் அவருடைய தாயார் பெயர். மாற்றவே இல்லை. பணம் அங்கே போனது. இரண்டு பிள்ளைகளோடு அந்த அம்மாள் அலைந்த அலைச்சலை நான் கூடவே போய்ப் பார்த்தேன்.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாத தமிழர், சீனர் யாரானாலும் இதன்படி பதிந்தே ஆக வேண்டும். 21 வயது நிறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுத்தால் அறிவிப்புக்கு 21 நாள் காலம். பிறகு இரண்டு சாட்சிகளோடு பதிவு. முடிந்த கையோடு சேமநிதி வாரிசுப் பெயரையும் சரிபாருங்கள்.

ஒருவர் முஸ்லிமாக இருந்தால் வழி வேறு. மற்றவர் இஸ்லாத்தைத் தழுவிய பிறகே அந்தச் சட்டப்படி மணக்க முடியும். அது வாழ்நாள் முடிவு. தெரிந்து செய்யுங்கள்; அவசரப்பட்டோ யாருக்கும் மறைத்தோ செய்யாதீர்கள். பெற்றவர்களும் "செத்துப் போனான்" என்று தலை முழுகாதீர்கள். மதம் மாறினாலும் அவன் உங்கள் பிள்ளைதான்.

என் மனச்சாட்சி

மண்டோருக்கு நியாயம் சொல்லிவிட்டு வரும் வழியில், "உன் வீட்டில் உன் மகள் இப்படி வந்து நின்றால்?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் உடனே வரவில்லை. மேடையில் சொல்வது சுலபம், வீட்டில்தான் கஷ்டம். அதனால் அந்தத் தகப்பனை நான் குறை சொல்ல வரவில்லை. பயம் அவருக்கு இருக்கட்டும். அந்தப் பயத்துக்குப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பலி கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் முறையாகப் பதிந்துகொண்டார்கள். பெண் வீட்டுச் சாட்சி அவளுடைய அக்காள். பையன் பக்கம் எதிர் வீட்டுப் பாட்டி. தகப்பனார்கள் இருவரும் வரவில்லை.

போன மாதம் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மண்டோர் இன்னும் "மருமவ" என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் கொல்லையில் முருங்கைக்கீரை பறித்து, "அந்தப் புள்ளக்கிக் கொண்டுபோய்க் குடு, மாசமா இருக்குல்ல" என்று மனைவியிடம் நீட்டினார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒப்பாரிக்கு ஆள் கெடச்சாச்சா அண்ணே?" என்று கேட்டேன்.

"அத்த சொல்லிக் குடுக்கிறாங்களாம்" என்றார்.